நாலாம் அறை கூப்பிடுகிறது

கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிற வழக்கம் மனிதர்களிடம் இல்லாமலே போய்விட்டது. காதில் எதையாவது செருகிக்கொள்கிறார்கள். செருகாதவனும் செருகியவன் மாதிரியேதான் நடக்கிறான். வாசலில் நின்று தொண்டை கிழியக் கத்தினால், போன் பண்ணியிருக்கலாமே என்கிறான். போன் பண்ணினால் எடுப்பதில்லை. மணி அடித்தால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு எழுந்து போக வேண்டும் என்கிற சின்ன விஷயத்தைக்கூட இவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

டெஸ்டர் அப்படி வளர்ந்தவர் இல்லை. படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றுபோனாலும் மணிச் சத்தத்துக்கு மரியாதை தெரிந்தவர். அந்தக் குளிர்பதனக் கிடங்கில் முப்பத்தோரு வருஷமாக ஒயர்மேன். சட்டைப்பையில் எந்நேரமும் ஒரு டெஸ்டர் செருகியிருக்கும். லைனில் கரண்ட் இல்லை என்று கடவுளே இறங்கி வந்து சொன்னாலும், சரி சாமி என்று சொல்லிவிட்டு ஒரு தடவை தொட்டுப் பார்த்த பிறகுதான் கை வைப்பார். மனிதர்களையும் அப்படித்தான். மூட்டை தூக்குகிறவர்கள் அதனால்தான் அவருக்கு அந்தப் பேரை வைத்தார்கள். நாளடைவில் சொந்தப் பேர் அவருக்கே அந்நியமாகிவிட்டது.

கிடங்கில் எட்டு அறைகள். எல்லாம் ஒரே நடைபாதையின் ஒரு பக்கத்தில் வரிசையாக இருக்கும். உள்ளே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்திரண்டு டிகிரி. ஒவ்வொரு அறைக்குள்ளும் கதவை ஒட்டி உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. யாராவது உள்ளே மாட்டிக்கொண்டால் அதை அழுத்த வேண்டும். நடைபாதைக் கோடியில் இருக்கிற கண்ட்ரோல் அறையில் மணி அடிக்கும். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு லாரி டிரைவர் அப்படி மாட்டிக்கொண்டான். மணி அடித்தது. அங்கே நாலு பேர் இருந்தார்கள். ஒவ்வொருத்தனும் அடுத்தவன் போவான் என்று உட்கார்ந்திருந்தான். மொட்டைமாடியில் வேலையாக இருந்த டெஸ்டர் இறங்கி ஓடிவந்து கதவைத் திறக்கும்போது இருபது நிமிஷம் ஆகியிருந்தது. ஆள் பிழைத்தான், வலது கையில் மூன்று விரலை அந்த அறைக்குக் கொடுத்துவிட்டு. அன்றிலிருந்து மணி அடித்தால் டெஸ்டர்தான் போவார். வேறு யாரையும் அனுப்பமாட்டார், நம்பவும் மாட்டார்.

அன்று விடுமுறை. மத்தியானம் இரண்டு மணி. வெளியே வெயில் சுட்டெரித்தது. நடைபாதைக்கு ஜன்னல் கிடையாது என்பதால் டியூப் லைட்டுக்குக் கீழே எந்நேரமும் ஒரே நேரம்தான். கம்ப்ரஸர் ஓடுகிற ‘ம்ம்ம்’ சத்தம் சுவரிலிருந்து கால் வழியாக ஏறியது. நனைந்த அட்டைப்பெட்டி வாடையும் பழைய மீன் வாடையும் எவ்வளவு கழுவினாலும் போகாமல் தரையில் படுத்துக் கிடந்தன. கண்ட்ரோல் அறையில் மட்டும் ஹீட்டர் போட்டிருந்தது. அங்கே அவரும் அவருடைய மகளும். கட்டிடத்தில் வேறு ஈ காக்கை இல்லை.

மகளுக்கு முப்பத்திரண்டு வயது. அவருக்கு இன்னும் பாப்பாதான். கம்ப்யூட்டருக்கு உள்ளே கம்ப்யூட்டரையே மேய்க்கிற ஒன்று இருக்கிறதாம், அதற்குக் கெர்னல் என்று பேராம், அதை எழுதுவதுதான் அவளுக்கு வேலை. பழைய மணிப் பலகையைக் கழற்றிவிட்டு எட்டு அறை மணியையும் ஒரு பெட்டிக்குள் அடக்குகிற வேலை அவளுடைய கம்பெனிக்கு வந்திருந்தது. சாயந்தரத்துக்குள் ஒப்படைக்க வேண்டும். பாதுகாப்புக்குப் பொறுப்பு டெஸ்டர் என்பதால் கடைசிக் காகிதத்தில் அவர் கையெழுத்துப் போட்டால்தான் செல்லும். அப்பன் கையெழுத்துக்கு மகள் நடையாய் நடப்பதா என்று மேனேஜர் போனில் சிரித்தாராம். டெஸ்டருக்குச் சிரிப்பு வரவில்லை. முதலில் பெட்டி ஓடிக் காட்டட்டும் என்று சொல்லிவிட்டு இடது பக்கச் சுவரை ஒட்டி ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

அப்போதுதான் நாலாம் அறையிலிருந்து மணி அடித்தது.

ஒரே ஒரு தடவை. அழுத்திய விரலைச் சட்டென்று எடுத்துக்கொண்ட மாதிரி.

நாலாம் அறை காலி. வெள்ளிக்கிழமை மீன் பெட்டிகள் ஏறிப்போனதும் அவரே கூட்டிப் பெருக்கிப் பூட்டினார். சாவி அவர் இடுப்பில் இருந்தது. ஆனாலும் மணி மணிதான். கனத்த கோட்டை மாட்டிக்கொண்டு போனார். பூட்டைத் திறந்து, கதவுக்குப் பின்னால் பட்டை பட்டையாகத் தொங்குகிற பிளாஸ்டிக் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தார். விளக்கு ஒரு முறை யோசித்துவிட்டு எரிந்தது. வெறும் தரை. நாலு மூலையும் தெரிந்தன. சுவரெங்கும் வெள்ளையாய் உறைபனி. பொத்தான் மேலேயும் உறைபனி படிந்திருந்தது. நடுவில் மட்டும் கட்டைவிரல் அளவுக்கு ஓர் இடம் சிவப்பாய், ஈரமாய் இருந்தது.

அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வெளியே வந்து பூட்டினார். பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார்.

திரும்பி வந்து, உள்ளே யாரும் இல்லை என்றார். எனக்குத் தெரியும்பா, என்றாள் மகள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். ஒரு காலை மடித்து நாற்காலிமேல் வைத்திருந்தாள், சின்ன வயதுப் பழக்கம். அது வெற்றுச் சிக்னலாம். ஒயரில் ஈரம் பட்டால்கூட வருமாம். கூப்பிட்டது யார் என்று கெர்னல் எல்லாரையும் விசாரிக்குமாம். நான் இல்லை, நான் இல்லை என்று எல்லாரும் கையை விரித்தால் அதை ஒரு கணக்கில் எழுதி வைத்துக்கொள்ளுமாம்.

“கூப்பிட்டவன் இல்லாம கூப்பிடற சத்தம் எப்படி வரும்?” என்றார் டெஸ்டர்.

“வரும்பா. தினமும் வரும். அதுக்காக அது கவலைப்படாது. செஞ்சிட்டிருந்த வேலையை அப்படியே நிறுத்திட்டு, எங்க நின்னோம், கையில என்ன இருந்துச்சுன்னு ஓர் இடத்துல வெச்சிட்டு ஓடும். என்னன்னு பாத்துட்டு, வெச்சதை எடுத்துக்கிட்டு, விட்ட இடத்துலேயே தொடரும். நடுவுல போயிட்டு வந்ததே அதுக்குத் தெரியாது.”

மகளை மடக்க வேண்டும் என்றே அடுத்ததைக் கேட்டார்.

“திரும்பி வர்றப்ப வேற ஒருத்தன் வெச்சதை எடுத்துட்டா?”

இப்போதுதான் அவள் திரையிலிருந்து திரும்பினாள். “எங்க பயமே அதுதான்பா. போறது பெரிசில்ல, திரும்பி வர்றதுதான். ஒண்ணைப் பாத்துட்டு இருக்கறப்பவே இன்னொண்ணு கூப்பிடும். முன்ன வெச்சதுக்கு மேல இதையும் வெச்சிட்டு ஓடணும். மேல மேல அடுக்கிட்டே போகும். தலைகீழா ஒவ்வொண்ணா எடுக்கணும். ஒண்ணு தவறினாலும் போச்சு. எடுத்தது தன்னோடது இல்லைன்னு அதுக்குத் தெரியாது. அது பாட்டுக்கு ஓடிட்டே இருக்கும், வேற எங்கேயோ.”

நல்ல பிழைப்பு என்று முனகிக்கொண்டே டெஸ்டர் உட்காரப் போனார். ஸ்டூல் இடது பக்கம் இல்லை. வலது பக்கச் சுவரை ஒட்டி இருந்தது. நகர்த்தினியா என்றார். உன் ஸ்டூலை நான் ஏன்பா தொடப்போறேன் என்றாள். தரையைப் பார்த்தார். ஸ்டூல் கால்கள் வருஷக்கணக்காய் அழுத்தி உண்டாக்கிய நாலு பள்ளங்களும் வலது பக்கம்தான் இருந்தன. இடது பக்கத் தரை வழவழப்பாக இருந்தது.

அவர் அதிலேயே உட்கார்ந்தார். உட்காரும்போது உடம்பு கோணிற்று.

மறுபடி மணி. அதே நாலாம் அறை.

இந்த முறை கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டு போனார். அறை அதே வெறுமைதான். பொத்தானில் விரல் பதிந்த இடம் கொஞ்சம் பெரிதாகியிருந்தது. சட்டைப்பை டெஸ்டரை ஒயரில் வைத்துப் பார்த்தார். உயிர் இல்லாத ஒயர். வேண்டாத சந்தேகத்துக்கு இடமில்லாமல் ஒயரைக் கத்தரித்து, இரண்டு முனையையும் எதிரெதிராக மடக்கிவிட்டார். திரும்பி நடக்கும்போது தன் பின்னால் அந்தப் பிளாஸ்டிக் பட்டைகள் ஒன்றோடொன்று தட்டிக்கொள்கிற சத்தம் கேட்டது. பட், பட், பட். அவர் விலக்கி வந்ததால் ஆடுகின்றன. அவ்வளவுதான். பட். கதவைச் சாத்திய பிறகும் உள்ளே அது நிற்கவில்லை.

கண்ட்ரோல் அறைக் கதவைத் திறந்ததும், “வாங்கப்பா,” என்றாள் மகள்.

பேச்சு வந்த நாளிலிருந்து அவள் அவரை ‘வாப்பா, போப்பா, நீ சும்மா இருப்பா’ என்றுதான் பேசுவாள். அடுத்தவர் எதிரில் மரியாதையாகக் கூப்பிடு என்று அம்மாக்காரி எத்தனையோ தடவை அதட்டியும் மாறாத நாக்கு. இப்போது இரண்டு காலையும் தரையில் ஊன்றி, முதுகை நிமிர்த்தி, விருந்தாளியைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். அதே முகம். அதே மூக்குத்தி. மூக்கின் எந்தப் பக்கம் குத்தியது என்று நினைவுபடுத்திப் பார்த்தார். நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

“ஒயரை வெட்டிட்டேன், பாப்பா.”

“எண்ணிக்கை ஏறிட்டேதான் இருக்குப்பா. பாருங்க.” திரையில் நாலாம் எண்ணுக்கு எதிரே ஓர் எண் ஓடியது. நாற்பது. நாற்பத்தொன்று. மணியடிக்கக் காத்திராமல் எண் மட்டும் ஏறியது. “அந்த லைனையே காது கேக்காம மூடிடலாம். நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க.”

மாட்டேன் என்றார். உள்ளே ஒருத்தன் இருந்தால் அவனுக்கு இருபது நிமிஷம்தான் என்றார். உள்ளே யாரும் இல்லை என்று நீங்கள்தானே வந்து சொன்னீர்கள் என்றாள் அவள், மிகவும் பணிவாக. அந்தப் பணிவு அவருடைய பிடரியில் ஊர்ந்தது.

மணி.

அவர் போனார். ஏன் போனார் என்றால், கால் பழகிவிட்டது. முப்பத்தோரு வருஷமாய் அந்தச் சத்தம் கேட்டால் அவருக்கு முன்னால் கால் எழுந்துவிடும். அறை. வெறுமை. வெள்ளை. கத்தரித்த ஒயரின் இரண்டு முனையும் கத்தரித்தபடியே. பொத்தானில் இப்போது உறைபனியே இல்லை. முழுவதும் சிவப்பு. துடைத்த மாதிரி.

திரும்பி வந்தார்.

மேஜைமேல் மகளுடைய போன் அதிர்ந்துகொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்துப் புன்னகைத்தாள். “அம்மாதான். ரெண்டு தரம் பண்ணிட்டாங்க. சாப்பிட எப்ப வர்றீங்கன்னு கேக்கறாங்க. நீங்களே பேசிடுங்க.”

அவருடைய மனைவி போய் ஒன்பது வருஷமாகிறது. ஆஸ்பத்திரிக் கட்டிலில், அவர் கையைப் பிடித்தபடியே போனாள். பிடி தளர்ந்த நேரம்கூட அவருக்குத் தெரியும்.

போன் மேஜையில் தானாக நகர்ந்து அவர் பக்கம் வந்தது. திரையில் எழுதியிருந்ததை மூன்றாம் வகுப்புப் படிப்பால் எழுத்துக் கூட்டிப் படித்தார். அ. ம். மா.

கை நீண்டது. எடுத்தால் அந்தக் குரல் கேட்கும். அந்தக் குரலுக்காக ஒன்பது வருஷத்தில் எதைக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பார். மகள் தலையைச் சாய்த்து, எடுக்கட்டும் என்று காத்திருந்தாள். கண்ணிமைக்கவில்லை. இவளுக்கு அம்மா இருக்கிறாள், ஏதோ ஓர் அப்பாவும் இருக்கிறார். ஆனால் இவள் என் பாப்பா இல்லை. என் பாப்பா இன்னோர் அறையில், இதே ஹீட்டருக்குப் பக்கத்தில், ஒரு காலை மடித்து வைத்துக்கொண்டு, போன அப்பனை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். அவளிடம் நான் திரும்பிப் போக வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

நாலாம் அறை அடித்தது. போனும் அதிர்ந்தது. இரண்டும் சேர்ந்து.

கையை இழுத்துக்கொண்டு ஓடினார்.

மேலே மேலே அடுக்கினதைத் தலைகீழாக எடுக்க வேண்டும். பாப்பா சொன்னது அதுதானே. போய்ப் போய்த்தான் கெட்டது. போய்ப் போய்த்தான் சரியாகும். கதவைத் திறந்தார், உள்ளே போனார், வெளியே வந்தார். கதவில் நீலத்தில் எழுதியிருந்த நாலு என்கிற எண் வேறு நிறத்துக்கு மாறியிருந்தது. கண்ட்ரோல் அறைக்குப் போகவில்லை. அங்கிருந்தே திரும்பினார். மணி அடித்தது. உள்ளே போனார். உள்ளே இருக்கும்போதே மணி அடித்தது. அவர் பொத்தானைத் தொடவில்லை. பொத்தான் உள்ளே அமுங்கியது. மெதுவாக வெளியே வந்தது. மறுபடி அமுங்கியது.

வெளியே. பூட்டு வேறு பக்கம்.

உள்ளே.

வெளியே. நடைபாதை நீண்டிருந்தது. கம்ப்ரஸர் சத்தம் இல்லை.

மணி.

உள்ளே. பட்டைகள் முகத்தில் அறைந்தன. ஒன்று வேறு யாருடைய விரல்களோ போல் கன்னத்தில் தங்கியது.

வெளியே.

எத்தனை தடவை? ஏழு. பத்து. எண்ணிக்கை விட்டுப்போனது. மூச்சு இரைத்தது. ஒரு தடவை வெளியே வரும்போது, எதிரே ஒருவர் உள்ளே போவது தெரிந்தது. கனத்த கோட். குனிந்த தலை. தோளோடு தோள் உரசியது. இருவரும் நிற்கவில்லை. நிற்க நேரமில்லை.

பிறகு மணி ஓய்ந்தது.

நடைபாதை சரியான நீளத்தில் இருந்தது. கதவில் நாலு என்கிற எண் பழைய நீலத்தில். பூட்டு பழையபடி வலது பக்கம். கம்ப்ரஸர் ‘ம்ம்ம்’ என்று கால் வழியாக ஏறியது. பழைய மீன் வாடை அடித்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த வாடையை நெஞ்சு நிறைய இழுத்தார். கண்ட்ரோல் அறைக் கதவுக் கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்தார்.

பாப்பா ஒரு காலை மடித்து நாற்காலிமேல் வைத்திருந்தாள். செருப்பு ஒன்று தரையில் கவிழ்ந்து கிடந்தது. ஸ்டூல் இடது பக்கம்.

ஸ்டூலில் அவர் உட்கார்ந்திருந்தார்.

அதே சட்டை. பிடரியில் அதே மடிப்பு. பாப்பா காகிதத்தை நீட்டினாள். “இங்கப்பா. சீக்கிரம் போடு, நீ பாட்டுக்கு முழுசாப் படிச்சிட்டு இருக்காதே,” என்றாள், அவளுக்கே உரிய அதட்டலில். ஸ்டூலில் இருந்தவர் பேனாவை வாங்கினார். ஒவ்வோர் எழுத்தாக, நாக்கைக் கடித்துக்கொண்டு, அவர் போடுகிற மாதிரியே போட்டார். பாப்பா ஒரு பட்டனைத் தட்டினாள். நாலாம் எண்ணுக்கு எதிரே இருந்த விளக்கு அணைந்தது.

ஸ்டூலில் இருந்த அது மெல்ல ஏதோ சொல்லியிருக்க வேண்டும், பாப்பா சிரித்தாள். ஹீட்டர் கனன்றுகொண்டிருந்த அந்த அறையில், அது பேசப் பேச வாயிலிருந்து வெள்ளையாய்ப் புகை வந்தது. பாப்பா கைகளைத் தேய்த்துக்கொண்டு துப்பட்டாவை இழுத்துப் போர்த்தினாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. திரையில் வேலையாக இருந்தாள்.

அது தலையைத் திருப்பிக் கண்ணாடியைப் பார்த்தது. அவர் முகம்தான். ஆச்சரியம் எதுவும் இல்லை அதில். வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவன் அடுத்த ஷிப்ட்காரனைப் பார்க்கிற பார்வை.

கதவைத் தட்டக் கை ஓங்கினார் டெஸ்டர். குளிர் நடைபாதையில், இத்தனை ஓட்டம் ஓடி இரைத்துக்கொண்டிருந்த அவர் வாயிலிருந்து புகை வரவில்லை. கண்ணாடிக்கு ஓர் அங்குலத்தில் வாயை வைத்து ஊதினார். கண்ணாடி மங்கவில்லை.

கையை இறக்கினார்.

காலையிலிருந்து சாப்பிடவில்லை. வயசு அறுபத்தேழு. கண்ணாடி பழசு, இந்தப் பக்கத்து வெளிச்சம் அந்தப் பக்கம் விழும், அந்தப் பக்கத்து நிழல் இந்தப் பக்கம் விழும். எடுத்தேன் கவிழ்த்தேன் என்று கத்தினால் பாப்பா ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று சும்மாவா சொன்னார்கள். முதலில் மெயின் போர்டைப் பார்க்க வேண்டும். எர்த் சரியில்லை என்றால் மனுஷனுக்கு என்னென்னவோ தோன்றும்.

இப்படியெல்லாம் நடக்காது. அவர் நம்பவில்லை. நம்பாமலே முதுகைத் திருப்பிக்கொண்டு, நடைபாதையின் அடுத்த கோடியில் இருந்த மெயின் போர்டை நோக்கி நடந்தார். அவருக்குப் பின்னால் கண்ணாடியின் உள்பக்கத்தில், கீழ் மூலையிலிருந்து வெள்ளையாய் உறைபனி ஏறத் தொடங்கியது. முதலில் கவிழ்ந்து கிடந்த செருப்பு மறைந்தது, பிறகு மடித்து வைத்த கால், பிறகு அவள் தோள்மேல் மெதுவாக வந்து படிந்த கை.